மலையில் எரிகிறது, கடற்கரையில் அணைகிறது: கேம்பர் வேன் சுடுநீர், கேள்வி பதில்

கேம்பர் வேனில் சுடுதண்ணீர்ப் பிரச்சினை இருந்தால் எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். நிறைய வந்திருக்கின்றன. பாதிக் கடிதங்களில் 'ஹீட்டர் வேலை செய்யவில்லை, என்ன செய்யலாம்?' என்று ஒரே வரி. பிறையில் என் பட்டறையில் உட்கார்ந்துகொண்டு அந்த ஒரு வரிக்கு என்னால் எதுவும் சொல்ல முடியாது. எங்கே ஓடியது, எங்கே நின்றது, நிற்பதற்கு முன் என்ன சத்தம் கேட்டது, தண்ணீர் எப்படி வந்தது என்று எழுதியவர்களுக்குத்தான் இந்த மாதம் பதில்.

கேள்வி: வணக்கம் ஐயா. குடும்பத்தோடு முகாம் போக என் ஹையேஸ் வேனை மாற்றி அமைத்திருக்கிறேன். பின்கதவுக்கு வெளியே மாட்டும் சின்ன கேஸ் ஹீட்டர், நிமிடத்துக்கு 6 லிட்டர் வகை. கேமரன் மலையில் பிரிஞ்சாங்கில் அருமையாக ஓடியது. அதே ஹீட்டர் பத்து பெரிங்கி, போர்ட்டிக்சன் கடற்கரைகளில் ஒரு நிமிடம் சுடச்சுடக் கொடுத்துவிட்டு அணைந்துவிடுகிறது. பைப்பை மூடிக் கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் பற்றும், மறுபடி அணையும். கடற்காற்றாக இருக்குமோ என்று மறைப்பு வைத்தும் பார்த்தேன், பலனில்லை. கடையில் பேட்டரி, ரெகுலேட்டர், சென்சர் என்று வரிசையாக மாற்றினார்கள். இப்போது புது ஹீட்டர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கட்டுமா? (கிள்ளான் வாசகர்)

பதில்: வாங்காதீர்கள். உங்கள் ஹீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. அது குளிர்நாட்டுத் தண்ணீருக்குச் செய்த சாமான், நீங்கள் அதற்கு வெந்நீரையே கொடுத்து இன்னும் சூடாக்கச் சொல்கிறீர்கள்.

ஒரு கணக்கு மட்டும் பார்த்துவிடுவோம். நிமிடத்துக்கு 1 லிட்டர் வீதம் ஓடும் தண்ணீரை 1 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 70 வாட் வேண்டும். இந்த மாதிரி ஹீட்டரில் தொட்டி கிடையாது, ஓடுகிற தண்ணீரை ஓட்டத்திலேயே சுட வைக்கிறது. கேஸ் குமிழை எவ்வளவு குறைத்தாலும் தீ ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்காது. அந்தக் குறைந்த தீ 6 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஷவரில் நிமிடத்துக்கு 2 லிட்டர் வருகிறது என்றால், தண்ணீர் 43 டிகிரி ஏறும்.

பிரிஞ்சாங் 1,500 மீட்டரை ஒட்டிய உயரம். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். அங்கே தொட்டித் தண்ணீர் 19 டிகிரி இருந்தால் 62-இல் வெளியே வரும். சூடுதான், ஆனாலும் ஹீட்டர் பொறுத்துக்கொள்ளும். பத்து பெரிங்கியில் நிழலில் இருக்கும் தண்ணீரே 28 டிகிரி. அதோடு 43 சேர்த்தால் 71. வேனின் தொட்டி வெயிலில் காய்ந்து 35-க்குப் போயிருந்தால் 78. உள்ளே ஒரு சூடு கட்டுப்படுத்தும் சுவிட்ச் இருக்கிறது. அது எந்த அளவில் வெட்டும் என்பது ஹீட்டருக்கு ஹீட்டர் மாறும், ஆனால் இந்த இடத்துக்கு வரும்போது வெட்டத்தான் செய்யும். ஆறியதும் திரும்பச் சேரும். நீங்கள் பைப்பை மூடித் திறக்கும்போது பற்றுவது அதனால்தான். பேட்டரி தீர்ந்திருந்தால் 'டிக் டிக்' சத்தமே சோர்ந்து வரும். கேஸ் குறைந்திருந்தால் தண்ணீர் வெதுவெதுப்பாகி அப்புறம் அணையும். சுடச்சுட வந்து சட்டென்று அணைந்தால் அது சூடு அதிகமாகித்தான் அணைகிறது.

இதில் நம்மவர்கள் எல்லாரும் செய்கிற ஒரு காரியம் நிலைமையை இன்னும் மோசமாக்கும். தண்ணீர் கொதிக்கிறதே என்று பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்து கலக்கிறோம். ஒரே பம்பு, ஒரே ஷவர். பச்சைத் தண்ணீர் அதிகமானால் ஹீட்டர் வழியாகப் போகும் தண்ணீர் குறையும். குறைந்த தண்ணீர் அதே தீயில் இன்னும் சூடாகும், சுவிட்ச் வெட்டும். மலையில் குளிருக்கு யாரும் பச்சைத் தண்ணீரைத் தொட்டிருக்க மாட்டீர்கள், அதனால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. தொட்டி இல்லாத ஹீட்டரில் சூட்டைக் குறைக்க வேண்டுமானால் கேஸைக் குறையுங்கள், தண்ணீரைக் கூட்டுங்கள். கலக்காதீர்கள்.

தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று பார்க்க மீட்டரெல்லாம் வேண்டாம். 1.5 லிட்டர் மினரல் தண்ணீர் போத்தலை ஷவரில் பிடியுங்கள். நிரம்ப 45 வினாடி ஆனால் நிமிடத்துக்கு 2 லிட்டர். 22 வினாடி என்றால் 4 லிட்டர். 4 லிட்டர் வந்தால் அதே தீயில் 21 டிகிரிதான் ஏறும், 28 டிகிரித் தண்ணீர் 49-இல் வந்து நிற்கும். அப்புறம் அணையாது. தண்ணீர் குறைவாக வந்தால், முதலில் ஹீட்டருக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் வலையைக் கழற்றிப் பாருங்கள். ஆற்று மணலும் பிளாஸ்டிக் தொட்டியை அறுத்தபோது விழுந்த சீவலும் அங்கேதான் சேரும். அடுத்து ஷவர் தலை. தண்ணீரை மிச்சப்படுத்தும் வகை என்று ஆசைப்பட்டு வாங்கியிருந்தால் அதைக் கழற்றி வையுங்கள். மூன்றாவது, பம்பு ஓடும்போது பம்பின் முனையிலேயே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் 12.6 வோல்ட், பம்பில் 11 வோல்ட் என்றால் நடுவில் ஓடும் வயர் மெல்லியது. பம்பைக் குறை சொல்ல வேண்டாம், வயரை மாற்றுங்கள்.

சில ஹீட்டர்களில் கோடை, குளிர்காலம் என்று இரண்டு படம் போட்ட குமிழ் இருக்கும். நம் நாட்டில் அது எப்போதும் கோடைப் பக்கமே இருக்கட்டும், கேமரன் மலையைத் தவிர. இன்னொன்று, இந்த வகையில் பலவும் 20 நிமிடத்தில் தானாக நிற்கும்படி அமைத்தவை. நான்கு பேர் வரிசையாகக் குளிக்கும்போது நான்காமவருக்கு நின்றால் அது பழுதில்லை. மூடித் திறந்தால் போதும்.

வெளியே மாட்டியிருக்கிறீர்கள், அது சரி. மழை வந்தாலும் அதை வேனுக்குள் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. புகைபோக்கி இல்லாத ஹீட்டர் விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. பின்கதவைத் திறந்துதானே வைத்திருக்கிறோம் என்பது சமாதானம் ஆகாது. கதவுப் பக்கம் காற்று திரும்பினால் எல்லாம் உள்ளேதான் வரும். உறங்கும் இடத்தில் அதற்கான எச்சரிக்கைக் கருவி ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

பத்து பெரிங்கி வெயிலில் குளிக்கச் சுடுதண்ணீர் எதற்கு என்று என் வீட்டம்மா கேட்கிறார். குழந்தைகளுக்கு இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கேள்வி: பழைய ஆஸ்திரேலிய கேரவன் ஒன்றை வாங்கி பாலிக் பூலாவில் நிறுத்தி வைத்திருக்கிறோம். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். பச்சைத் தண்ணீரில் இல்லை. கேஸ் கசிகிறதோ என்று என் கணவர் பயப்படுகிறார். (பட்டர்வொர்த் வாசகி)

பதில்: உங்கள் கணவர் பயந்ததில் தப்பில்லை. கேஸில் சேர்க்கும் வாசனையும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். அதனால் முதலில் அதைப் பார்த்துவிடுங்கள். கேஸ் தோங்கைத் (சிலிண்டரைத்) திறந்து, எல்லா அடுப்பையும் மூடி வைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி கிளம்பினால் கசிவு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். ஆகவே மூக்கை மேலே வைத்து மோப்பம் பிடித்துப் பயனில்லை. கேரவன் தரையில் அதற்கென்று விட்டிருக்கும் துளைகளைக் கம்பளம் போட்டு யாராவது மூடியிருந்தால் திறந்துவிடுங்கள்.

நுரை குமிழவில்லை, சுடுதண்ணீர் ஓடும்போது மட்டும்தான் நாறுகிறது என்றால் விஷயம் தொட்டிக்குள். இரும்புத் தொட்டி துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே மக்னீசியம் கம்பி ஒன்றை விட்டிருப்பார்கள். ஆனோடு என்று கேட்டால் கடையில் தெரியும். தொட்டி அரிக்காமல் இருக்க அந்தக் கம்பி கரையும். தேங்கிய தண்ணீரில் வளரும் ஒரு வகை பாக்டீரியா, தண்ணீரில் உள்ள சல்பேட்டை அந்த மக்னீசியத்தின் உதவியோடு ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகிறது. அதுதான் முட்டை நாற்றம். மாதக்கணக்கில் வெயிலில் நிற்கும் கேரவனில் இது வராமல் இருந்தால்தான் அதிசயம்.

ஹீட்டரை அணைத்து, முழுக்க ஆறவிட்டு, பம்பை நிறுத்தி, ஒரு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். இந்த வரிசையை மாற்றினால் கொதிநீர் கையில் பாயும். அப்புறம் வெளிப்பக்க மூடியைத் திறந்து கீழே இருக்கும் பெரிய போல்ட்டைக் கழற்றினால் கம்பி அதோடு சேர்ந்து வரும். பெரும்பாலும் 27 மில்லிமீட்டர் சாக்கெட் பொருந்தும். முக்கால்வாசி கரைந்திருந்தால் புதிது போடுங்கள். அலுமினியமும் துத்தநாகமும் கலந்த கம்பி கிடைத்தால் அது நல்லது, நாற்றம் குறையும். அலுமினியத் தொட்டி உள்ள சில ஹீட்டர்களில் இந்தக் கம்பி கிடையாது. அங்கே வெறும் மூடிதான் இருக்கும், கம்பி தேடி வாங்கிச் சொருக வேண்டாம்.

தொட்டியைக் கழுவ, மணம் சேர்க்காத வெளுப்புத் திரவம், 5 சதவீத வகை, 1 லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி லிட்டர். தொட்டியும் ஹீட்டரும் சேர்ந்து 80 லிட்டர் என்றால் 80 மில்லி. ஒவ்வொரு குழாயிலும் அந்த வாசனை வரும்வரை ஓடவிட்டு, சில மணி நேரம் அப்படியே விட்டு, பிறகு வாசனை போகும்வரை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். காடி (வினிகர்) ஊற்றிக் கழுவும் பழக்கம் இருந்தால் அது வேறொரு நாளைக்கு. இரண்டையும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

நிறுத்திவைக்கும் போதெல்லாம் தொட்டியைக் காலி செய்யுங்கள். ஹீட்டரை ஓட்டும்போது தண்ணீரை 60 டிகிரிக்கு ஏற்றுங்கள். வெதுவெதுப்பாக 25-லிருந்து 45 டிகிரிக்குள் தேங்கும் தண்ணீர் லெஜியோனெல்லா கிருமிக்குப் பிடித்த இடம். நுரையீரலைத் தாக்கும் கிருமி அது, ஷவர்த் துளியோடு மூச்சில் போகும்.

கேள்வி: ரம்புத்தான் மரத்தடியில் ஆறு மாதம் நின்ற வேன். கேஸ் ஹீட்டரைப் போட்டால் டிக் டிக் என்கிறது, தீ பற்றுகிறது, ஐந்தாறு வினாடியில் அணைகிறது. மூன்று தடவை முயன்றுவிட்டு சிவப்பு விளக்கு எரிகிறது. (சுங்கை பட்டாணி வாசகர்)

பதில்: மரத்தடி என்று எழுதினீர்களே, அதற்கு ஒரு நன்றி. ஹீட்டரின் வெளி மூடியைத் திறந்து பர்னர் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். குளவி மண்கூடு கட்டியிருக்கும், இல்லையென்றால் சிலந்தி வலை. காற்று வழி அடைபட்டால் தீ மஞ்சளாகி ஆடும், கரி பிடிக்கும். போத்தல் கழுவும் மெல்லிய பிரஷ் போதும். கேஸ் வரும் நுண்துளைக்குள் மட்டும் கம்பி விடாதீர்கள். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் தீயின் அளவு மாறிவிடும். அதைக் கழற்றி ஆல்கஹாலில் ஊறவைத்து ஊதினால் போதும்.

கூடு இல்லை, தீ நீலமாக நன்றாகவே எரிகிறது, ஆனாலும் அணைகிறது என்றால், தீ எரிவது உள்ளே இருக்கும் மின்பலகைக்குத் தெரியவில்லை. தீக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, தீ வழியாகப் பாயும் மிகச் சிறிய மின்சாரத்தை வைத்துத்தான் 'எரிகிறது' என்று சொல்கிறது. கம்பியில் கரி படிந்தாலோ, அதைப் பிடித்திருக்கும் பீங்கான் விரிசல் விட்டாலோ, பர்னரின் எர்த் இணைப்பு துருப்பிடித்தாலோ அந்தச் செய்தி போய்ச் சேராது. உடனே வால்வு மூடிக்கொள்ளும். அது உங்கள் பாதுகாப்புக்குத்தான், அதைத் தந்திரமாக ஏமாற்ற வழி சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம். மிருதுவான மணல்தாளால் கம்பியைத் துடையுங்கள், எர்த் திருகைக் கழற்றிச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள். பத்தில் எட்டு வேன்கள் இதோடு எழுந்துவிடும் என்பது என் அனுபவம்.

இன்னொன்று, ஆறு மாதம் சும்மா கிடந்த ஹோஸில் காற்று நிறைந்திருக்கும். ஹீட்டருக்கு முன் சமையல் அடுப்பைப் பற்றவைத்து நிலையாக எரியும்வரை விடுங்கள். கடைசியில் வெளி மூடியில் மெல்லிய கம்பி வலை ஒன்று, ஹீட்டர் செய்தவர்கள் அனுமதிக்கும் அளவில். குளவி அடுத்த விடுமுறைக்கும் வரும்.

கேள்வி: சுடுநீர்த் தொட்டியின் எலிமென்ட்டை (தண்ணீரைச் சூடாக்கும் மின்கம்பி) இணையத்தில் வாங்கி மாற்றினேன். முகாமில் பிளக் போட்டதும் 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதன் மேல் 120 வோல்ட், 1,440 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. (பூச்சோங் வாசகர்)

பதில்: பதில் உங்கள் கேள்வியின் கடைசி வரியில் இருக்கிறது. அது அமெரிக்கச் சாமான். நம்முடைய 240 வோல்ட் இரண்டு மடங்கு, அதனால் சக்தி நான்கு மடங்கு. 1,440 வாட் எலிமென்ட் 5,760 வாட் இழுக்கப் பார்த்து வெடித்திருக்கிறது. வாங்கும்போதே மல்டிமீட்டரில் ஓம் பார்த்துவிடுங்கள். 120 வோல்ட் 1,440 வாட் என்றால் 10 ஓம் காட்டும். நமக்கு வேண்டிய 240 வோல்ட் 1,500 வாட் என்றால் 38 ஓம். எலிமென்ட் முனைக்கும் தொட்டி உலோகத்துக்கும் நடுவில் எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் முகாமில் டிரிப் ஆகிக்கொண்டே இருக்கும். சரியான எலிமென்ட்டையும் தொட்டி நிரம்பாமல் போட்டால் சில வினாடியில் கருகிவிடும். குழாயில் காற்று இல்லாமல் தண்ணீர் ஒழுங்காக ஓடிய பிறகே சுவிட்ச்.

கேள்வி: வீட்டுக் குளியலறையில் இருக்கும் 3.6 கிலோவாட் ஹீட்டரை வேனில் மாட்டி, 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரியில் இன்வெர்ட்டர் போட்டு ஓட்டலாமா? (ஈப்போ வாசகர்)

பதில்: 3,600-ஐ 12-ஆல் வகுத்தால் 300 ஆம்பியர். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் இன்னும் மேலே. அந்த மின்சாரத்துக்கு வேண்டிய வயரை வளைக்கவே தனி ஆள் வேண்டும், பேட்டரிக்குள் இருக்கும் காப்புச் சுற்றும் அதற்கு முன்பே வெட்டிவிடும். 10 லிட்டர் தொட்டி ஹீட்டர் வையுங்கள். 27 டிகிரித் தண்ணீரை 60-க்கு ஏற்ற 0.4 கிலோவாட்-ஹவருக்கும் குறைவாகத்தான் ஆகும், 850 வாட் எலிமென்ட்டில் அரை மணி நேரத்துக்குள் முடியும். உங்கள் பேட்டரியில் ஆறில் ஒரு பங்கு. அதில் பச்சைத் தண்ணீர் கலந்தால் 40 டிகிரியில் 20 லிட்டருக்கு மேல் கிடைக்கும். தொட்டி ஹீட்டரில் கலப்பது சரிதான், கிள்ளான் வாசகருக்குச் சொன்னது இதற்குப் பொருந்தாது. ஓடும் இன்ஜினின் சுடுநீரைத் தொட்டிக்குள் சுருள் குழாயாக விட்டுச் சூடாக்கும் வகையும் உண்டு. ஈப்போவிலிருந்து பினாங்கு வந்து சேரும்போது பேட்டரியைத் தொடாமலே தண்ணீர் தயார்.

கேள்வி: ஹீட்டர் சூடாகும்போது வெளியே இருக்கும் வால்வில் தண்ணீர் சொட்டுகிறது. ஒரு பிளாஸ்டிக் மூடி வைத்து அடைத்துவிடலாமா? (புக்கிட் மெர்தாஜாம் வாசகர்)

பதில்: கூடவே கூடாது. அழுத்தம் கூடினால் திறந்து வெளியேற்றும் அந்த வால்வு இல்லையென்றால் அந்தத் தொட்டி வெடிகுண்டு. 22 லிட்டர் தண்ணீர் 27-லிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய 300 மில்லி லிட்டர் விரிகிறது. அதற்கு இடம் வேண்டுமே. தொட்டியின் மேல்பக்கம் கொஞ்சம் காற்று இருக்கும், அது நாளடைவில் தண்ணீரில் கரைந்துவிடும். அப்போது விரிந்த தண்ணீர் வால்வு வழியாகச் சொட்டும். ஹீட்டரை அணைத்து ஆறவிட்டு, பம்பை நிறுத்தி, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். பிறகு வால்வின் பிடியை மெதுவாகத் தூக்கித் தண்ணீர் நிற்கும்வரை ஓடவிடுங்கள். காற்று மறுபடி சேர்ந்துவிடும். பிடியை விட்டு, குழாயை மூடி, பம்பைப் போடலாம். ஆறிய பிறகும் சொட்டினால் வால்வின் உட்பகுதியில் தூசு உட்கார்ந்திருக்கிறது. இரண்டு மூன்று முறை பிடியைத் தூக்கிச் சட்டென்று விடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் அதே அழுத்த அளவு எழுதிய புது வால்வை வாங்கிப் போடுங்கள்.

கேள்வி: கேஸ் ஹீட்டரில் தீ உறுமுகிறது, மஞ்சளாக வெளியே நாக்கு நீட்டுகிறது. தோங்கில் மாட்டியிருப்பது மீ கோரேங் கடையில் போடும் சிவப்பு ரெகுலேட்டர். அது பரவாயில்லையா? (சிரம்பான் வாசகர்)

பதில்: இன்றைக்கே கழற்றுங்கள். அது கடைக்காரர் பெரிய வாணலியில் வறுக்கத் தேவையான ஹை பிரஷர் வகை. உங்கள் ஹீட்டருக்கு வேண்டியது வீட்டு அடுப்புக்குப் போடும் சாதாரண லோ பிரஷர் ரெகுலேட்டர், 28-லிருந்து 30 மில்லிபார். ஹீட்டரின் தகட்டில் எழுதியிருக்கும் அளவோடு ஒப்பிட்டு வாங்குங்கள். கரி படிந்த பர்னரையும் ஹோஸையும் பதிவு பெற்ற கேஸ் பணியாளர் ஒருவரிடம் காட்டிய பிறகே மறுபடி பற்றவையுங்கள்.